கூரைமேல் சுடுதண்ணீர்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா என் பொறுப்பில் இருக்கிறது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் வழியிலேயே தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடித்த பிறகு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இடைப்பட்ட நேரத்துச் சாப்பாடு, தூக்கம், பாட்டு, அழுகை எல்லாம் எங்களிடம். எங்களிடம் என்றால் என்னிடமும், எனக்கு உதவியாக இருக்கும் ஆயாவிடமும்.

இவற்றில் பெரிய வேலை பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது. தண்ணீர் மலையில் உள்ள ஊற்றிலிருந்து பைப்பில் வருகிறது. தை மாதத்தில் புல்லின் மேல் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும் காலையில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை வலிக்கும். ஒரு வயதுப் பிள்ளையின் மேல் அதை ஊற்ற முடியாது. அதனால் பின்பக்கத்தில் அடுப்பு மூட்டி, பெரிய அலுமினியச் சட்டியில் ஆயா தண்ணீர் காய்ச்சுவார். மழைக்காலத்தில் ஈர விறகு எரியாது. புகை மட்டும் வரும், அதுவும் நேராகப் பிள்ளைகள் தூங்கும் அறைக்கு வரும். பாதிப் பிள்ளைகளுக்கு எந்நேரமும் சளி. தோட்டத்து மருத்துவிச்சி வரும்போதெல்லாம் அந்தப் புகையைக் காட்டி என்னைத்தான் திட்டுவார்.

ஆகவே, ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்குச் சூரிய வெப்பத்தில் தண்ணீர் சுடவைக்கும் சாதனம் தரப் போகிறது என்று கேள்விப்பட்டபோது, கும்பிட்ட சாமியெல்லாம் ஒரே நேரத்தில் கண் திறந்துவிட்டதாக நினைத்தேன்.

கொழும்பிலிருந்து ஒரு வேனில் இரண்டு பேர் அதைக் கொண்டுவந்தார்கள். நீளமான தண்ணீர்த் தாங்கி, அதன் கீழே வரிசையாகப் பூட்டுவதற்குக் கறுப்புக் கண்ணாடிக் குழாய்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு இருட்டுவதற்குள் மலை இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம். தகரக் கூரையின் மேல் ஏறி, தாங்கியின் கால்களைத் தகரத்தில் முறுக்கிப் பூட்டி, வெள்ளைப் பைப்பை இழுத்து, குளியலறையில் ஒரு குழாயை வைத்தார்கள். நான் கீழே நின்று கேட்டேன்.

“இதுல நாங்க கவனமாப் பாத்துக்க வேண்டியது ஏதும் இருக்குங்களா?”

“ஒண்ணுமே இல்ல மிஸ். வெயில் பட்டா சுடும். குழாயத் திறந்தா வரும்.”

அவ்வளவுதான். பிறகு ஒருநாள் நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். கூரையின் கீழே பேனர் கட்டினார்கள். பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

முதல் சில வாரங்கள் உண்மையாகவே நன்றாக இருந்தது. மேகமூட்டமான நாட்களில் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும், அதுவே போதும். குளிக்க அழுத பிள்ளைகள் குளியலறையை விட்டு வெளியே வர அழுதார்கள். ஆயா அலுமினியச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார்.

அதன் பின் மழை விட்டு நல்ல வெயில் காலம் வந்தது. மலையில் அந்தக் காலத்தில் இரவு உறையும், பகலில் வெயில் தோலை உரிக்கும். ஒரு சனி, ஞாயிறு பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடந்தது. யாரும் தண்ணீர் திறக்காமல் தாங்கி இரண்டு நாள் வெயிலையும் வாங்கி வைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஆயா ஒரு கைக்குழந்தையின் துணியைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல மற்றக் கையைக் குழாயின் கீழ் நீட்டித் திறந்தார்.

நான் முன் அறையில் இருந்தேன். குழாய் இருமுவதுபோல ஒரு சத்தம், அடுத்த நொடி ஆயாவின் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தபோது குளியலறை முழுக்க நீராவி. ஆயா குழந்தையைச் சுவர்ப்பக்கமாக அணைத்துத் திரும்பி நின்றிருந்தார். குழாயிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துண்டைச் சுற்றித்தான் என்னால் குழாயை மூட முடிந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆயாவின் கை மணிக்கட்டுக்கு மேல் வரை சிவந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளம் எழுந்தது.

கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“நல்லவேள டீச்சர், மொதல்ல கைய வச்சுப் பாத்தேன். அப்படியே புள்ளயக் காட்டியிருந்தா...”



மறுநாள் தோட்டத்து மேனேஜரான துரை வந்து பார்த்தார். சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். கூரையை அண்ணாந்து பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

“யாரு இத செக் பண்ணினது?”

“யாரும் பண்ணலீங்க சார். பூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“அப்ப தொட வேணாம். சரியாப் பூட்டியிருக்குன்னு தெரிஞ்ச ஒரு ஆள் சான்றிதழ் குடுக்கட்டும். அதுக்குப் பிறகு குழாயத் திறங்க.”

அதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தத் “தெரிஞ்ச ஒரு ஆள்” யார் என்று தேடத் தொடங்கிய பிறகுதான் என் தலைவேதனை ஆரம்பித்தது.

முதலில் தாங்கியை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். தாங்கிக்குத் தரச் சான்றிதழ் இருக்கிறதாம், தாங்கியில் பழுது இருந்தால் மாற்றித் தருவார்களாம். ஆனால் பூட்டியது தாங்கள் அல்லவாம். தொண்டு நிறுவனத்துக்குப் பேசினேன். பூட்டும் வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்ததாகவும், அந்தத் திட்டம் முடிந்து கணக்கு மூடியாகிவிட்டதாகவும் சொன்னார்கள். ஆயாவின் கைக்காக வருத்தம் தெரிவித்தார்கள். ஒப்பந்தக்காரரின் இலக்கத்தைத் தந்தார்கள். அது முதலில் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அந்த இலக்கமே பாவனையில் இல்லை என்று பதிவுக்குரல் சொன்னது.

அதன் பின் பஸ் ஏறினேன். நகரத்தில் ஓர் அலுவலகத்தில், சோலார் என்று சொன்னதும் ஓர் ஐயா உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கரண்ட் எடுக்கிற பேனல்தானே?”

“இல்லீங்க. தண்ணி சுடவைக்கிறது.”

“ஆ, அது எங்களுக்கு வராது.”

தண்ணீர் சம்பந்தப்பட்ட இன்னோர் இடத்துக்கு அனுப்பினார். அங்கே, உங்கள் தண்ணீர் எங்கள் பைப்பில் வருகிறதா என்று கேட்டார்கள். ஊற்றுத் தண்ணீர் என்றேன். அப்படியானால் அவர்களுக்கும் வராது. கட்டடங்களைப் பார்க்கும் இடத்தில், கட்டடத்தின் சொந்தக்காரர்தான் கேட்க வேண்டும் என்றார்கள். பிள்ளைக்காம்பராவின் சொந்தக்காரர் யார்? நிலம் ஒருவருடையது, நடத்துவது இன்னொருவர், கூரைத் தகரம் மாற்றிக் கொடுத்தது மூன்றாமவர், கூரை மேல் இருப்பது நாலாமவர் கொடுத்த தானம். நான் சிங்களத்தில் சமாளிப்பேன். ஆனால் வால்வுக்கும் அழுத்தத்துக்கும் தரத்துக்கும் சொல் தெரியாமல் அந்த மேசை முன்னால் கைகளால் தாங்கியை வரைந்து காட்டிக்கொண்டு நின்றபோது, பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

என்னை எரிச்சல்படுத்தியது என்னவென்றால், இவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, ஒருவர்கூட என்னை விரட்டவுமில்லை. எல்லோரும் தங்கள் எல்லை எதுவோ அதைச் சரியாகச் சொன்னார்கள். எல்லாருடைய எல்லைக்கும் வெளியே எங்கள் கூரை இருந்தது.

இதற்கிடையில் அலுமினியச் சட்டி மறுபடி அடுப்பில் ஏறியது. ஆயா ஒரு கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மறு கையால் விறகு தள்ளினார். “லீவு எடுங்க” என்றால் கேட்கமாட்டார். தாய்மாருக்கோ கூரை மேல் பளபளவென்று இருக்கும் சாதனம் கண்ணை உறுத்தியது. ஒருநாள் சாயங்காலம் ஒரு தாய் பிள்ளையை வாங்கிக்கொண்டு, எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டுவிட்டார்.

“சாமானக் கூரையில வச்சுக்கிட்டு எங்க புள்ளைங்களப் பொகையில போடுறீங்களே டீச்சர், யாருக்குக் காத்து வச்சிருக்கீங்க?”

“சான்றிதழ் வரணும்மா. வராம திறக்க ஏலாது.”

“எங்க லயத்துக்கு எவன் சான்றிதழ் குடுத்தான்? அதுல நாங்க இருக்கலையா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் குளியலறையில் நின்றது நான்தானே. அந்தத் தண்ணீரின் சத்தம் என் காதில் இருந்தது. குழாயின் கைப்பிடியையே கழற்றி என் மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். அதற்கும் ஒரு கதை கட்டினார்கள், டீச்சர் தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று.

எங்கள் தோட்டத்திலேயே மேல் மலையில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. இப்போது அதை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடமாக நடத்துகிறது. அங்கே சமையலறையில் வேலை செய்யும் ஒருவரின் பிள்ளை எங்களிடம் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் நானே தூக்கிக்கொண்டு போனேன். பின்பக்கமாகச் சுற்றிப் போனபோது புல்வெளியின் ஓரத்தில் அதைப் பார்த்தேன். அதே தாங்கி, அதே கறுப்புக் கண்ணாடிக் குழாய்கள். ஆனால் அது கூரை மேல் இல்லை. சீமெந்துக் கட்டையின் மேல் இரும்புச் சட்டம் போட்டு, போல்ட் முறுக்கி நிறுத்தியிருந்தார்கள். பைப்புகளுக்குத் தடித்த உறை. நீராவி போக ஒரு தனிப் பைப் நேராக வடிகாலுக்கு இறங்கியது. தாங்கியின் பக்கத்தில் பச்சை நிற ஸ்டிக்கர் ஒன்று. பூட்டியவரின் பதிவு இலக்கம், பரிசோதித்த நாள், அடுத்த பரிசோதனை நாள் எல்லாம் அதில் இருந்தன.

நான் காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். எத்தனை அலுவலகத்தில் நான் கேட்டு அலைந்த சான்றிதழ் அது! எங்கள் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஏறி வரக்கூடிய தூரத்தில், பச்சை நிறத்தில் ஒட்டியிருந்தது.

அதைப் பரிசோதிக்க வருபவர் ஹட்டன் நகரத்துக் கம்பெனி ஒன்றின் ஆள் என்று சமையலறைக்காரர் சொன்னார். ஸ்டிக்கரில் இருந்த அடுத்த பரிசோதனை நாளுக்கு அதிக நாள் இல்லை, அன்று நான் பங்களா வாசலில் காத்திருந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க தமிழர். கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்தார். ஏணி வைத்துக் கூரையைப் பார்த்துவிட்டு இறங்கியபோது அவர் முகம் மாறியிருந்தது.

“அக்கா, இது சுடுதண்ணி பைப்பே இல்ல. பச்சத் தண்ணிக்குப் போடுற பைப். சூட்டுல எளகித் தொங்குது பாருங்க. தாங்கிக் கால வெறும் தகரத்துல முறுக்கியிருக்காங்க, கீழ இருக்கிற மரத்துல ஆணியே படல. ஆவி போற பைப்ப வாசலுக்கு நேரா விட்டிருக்காங்க, புள்ளைங்க போற வழியில.”

“ஆயா கை வெந்தது எதனால?”

“மிக்சிங் வால்வு இல்ல. அது இருந்தா, கொதிக்கிற தண்ணியோட பச்சத் தண்ணியத் தானாக் கலந்து, அளவான சூட்டுல விடும். புள்ளைங்க இருக்கிற எடத்துல அது இல்லாமப் பூட்டவே கூடாது.”

“அப்ப அந்த வால்வப் போட்டு, பைப்ப மாத்தி, உங்க ஸ்டிக்கர ஒட்டிருங்க தம்பி.”

அவர் தலையை ஆட்டினார். “ஏலாது அக்கா. அடுத்தவன் பூட்டுனதுக்கு நான் கையெழுத்து வச்சா அது என் வேலையாயிரும். நாளைக்கு ஒண்ணு நடந்தா நான்தான் பதில் சொல்லணும். முழுசாக் கழட்டி, மொதல்ல இருந்து பூட்டணும். அதுவும் எங்க கம்பெனிய யாராவது முறையாக் கூப்பிடணும்.”

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபம் அந்த மனிதர் மேல் பாய்ந்துவிட்டது. “பங்களாக்காரனுக்கு மட்டும் வருஷா வருஷம் வந்து பாக்குறீங்க. எங்க புள்ளைங்க என்ன எளக்காரமா?”

அவர் கோபிக்கவில்லை. “வெளிநாட்டு ஆளுங்கள அனுப்புற ஏஜென்சி கேக்குது அக்கா. சான்றிதழ் இல்லாட்டி ஒரு ஆள் அனுப்ப மாட்டாங்க. அதனால பங்களாக்காரங்க எங்களக் கூப்பிடுறாங்க. இங்க யாரு கேட்டா?”

“நான் கேக்குறேனே.”

“நீங்க கேட்டாப் பத்தாது அக்கா” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. நான் கேட்டால் பத்தாது என்றால் யார் கேட்டால் பத்தும்? வாரத்தில் ஒருநாள் தொழிலாளிகள் பெரியாபீசில் துரையைப் பார்த்துக் குறை சொல்லலாம். அடுத்த முறை நான் ஆயாவை அழைத்துக்கொண்டு போனேன். என்னை எல்லார் முன்னாலும் கேட்ட அந்தத் தாயையும் கூப்பிட்டேன். அவர் இன்னும் சில பெண்களைக் கூட்டிவந்தார். என்ன நடந்தது, கூரையில் என்ன குறை என்பதையெல்லாம் வழியில் அவர்களுக்குச் சொன்னேன். கேட்டதும் அந்தத் தாய், “இத முன்னமே சொல்லியிருக்கலாமே டீச்சர்” என்றார். முன்னம் எனக்கே தெரியாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

துரை முழுவதையும் கேட்டார். பங்களாவின் ஏற்பாடு குத்தகைக் கம்பெனியுடையது, தோட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார். அப்போது அந்தத் தாய் முன்னால் வந்தார்.

“சார், அங்க வர்றவங்க ரெண்டு நாள் இருந்துட்டுப் போறவங்க. எங்க புள்ளைங்க தெனமும் இங்கதான் இருக்குதுங்க. ஆயா கையப் பாருங்க. அது எம் புள்ள முகமா இருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?”

ஆயா கையை மேசை மேல் வைத்தார். தோல் புதிதாக இளஞ்சிவப்பில் வளர்ந்திருந்தது. துரை அதைப் பார்த்தபடி இருந்துவிட்டு, கிளாக்கரைக் கூப்பிட்டு, தோட்டத்தின் பேரில் அந்த ஹட்டன் கம்பெனியை அழைக்கச் சொன்னார். தோட்டத்து மேசன் சீமெந்துக் கட்டை கட்டித் தருவார் என்றார். இத்தனை மாத அலைச்சல் சில நிமிடங்களில் முடிந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிடச் சினம்தான் அதிகம் வந்தது.

அவர்கள் வந்து கூரையிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினார்கள். தகரத்தில் விழுந்திருந்த ஓட்டைகளைக் கண்டு மேசன் வாயில் வந்ததைச் சொன்னார். தாங்கி வெளியே கட்டையின் மேல் ஏறியது. சரியான பைப், உறை, வால்வு எல்லாம் வந்தன. ஹட்டன் தம்பி குழாயைத் திறந்து வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தார், மூடினார், திரும்பத் திறந்து பார்த்தார். கடைசியில் ஆயாவைக் கை வைக்கச் சொன்னார். ஆயா பின்வாங்கினார். நான் முதலில் வைத்தேன். வெதுவெதுப்பான நல்ல தண்ணீர். அதன் பிறகுதான் ஆயா வந்து, வெந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டினார்.

பச்சை ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. மழை நாளுக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். தாங்கிக்குள் கரண்டில் சூடாகும் ஒரு கம்பி இருக்கிறதாம். வெயில் இல்லாதபோது அதைப் போட்டுக்கொள்ளலாமாம்.

“அப்ப அதையும் போட்டு விடுங்க தம்பி.”

அவர் பிளக்கைச் சோதித்துவிட்டு வந்தார். “இந்தக் கட்டடத்துல எர்த் இல்ல அக்கா. வயரிங் எல்லாம் பழசு. மொதல்ல வயரிங்க மாத்தி, அதுக்கு ஒரு சான்றிதழ் எடுக்கணும். அது இல்லாம நான் கனெக்சன் குடுத்தா, தண்ணியில கரண்ட் அடிக்கும்.”

மலையில் பிள்ளைகளுக்குச் சுடுதண்ணீர் அதிகம் தேவைப்படுவதே வெயில் முகம் காட்டாத மழை மாதங்களில்தான். வயரிங் மாற்ற வேண்டும் என்று அன்றே பெரியாபீசில் சொன்னோம். இன்னும் மாறவில்லை. வெயில் நாளில் வால்வுத் தண்ணீர், மழை நாளில் புகை. இப்படித்தான் ஓடுகிறது.

இந்த வருஷம் பொகவந்தலாவைப் பக்கத்தில் இன்னொரு பிள்ளைக்காம்பராவுக்கு அதேபோல ஒரு தாங்கி தானமாக வருகிறது என்று தெரியவந்தது. அங்கே பொறுப்பாக இருப்பவர் என்னோடு பயிற்சி எடுத்தவள், நான் தங்கச்சி என்று கூப்பிடுபவள். லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வேன் வந்துவிட்டிருந்தது. வேறு ஆட்கள், அதே வெள்ளைப் பைப்.

“மிக்சிங் வால்வு எங்க?” என்று கேட்டேன்.

“நீங்க யாரு?” என்றார் அவர்களில் ஒருவர்.

“வால்வு எங்கன்னு கேட்டேன்.”

முதலாளிக்குப் போன் போட்டார். அப்படி ஒரு சாமான் இந்தத் திட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது. நான் தங்கச்சியிடம், பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடாதே என்றேன். அவள் தயங்கினாள். தானம் தருபவர்கள் கோபித்துக்கொண்டு எடுத்துப் போய்விட்டால் தாய்மாருக்கு யார் பதில் சொல்வது? ஆனாலும் போடவில்லை. பூட்ட வந்தவர்கள் தாங்கியை வெளிவாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள்.

அது வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தது. தாய்மார் அவளை ஏசினார்கள். நிறுவனத்திலிருந்து காரமாக ஒரு போன். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்கூட வந்து, கிடைத்ததைக் கெடுத்துவிட்டாயே என்றாராம். அவள் என்னை அழைப்பதையே நிறுத்திவிட்டாள். நான் செய்தது சரிதானா என்ற யோசனை என்னை அரித்தது. சரி என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிவுக்கு வந்தேன், ஆனாலும் அரிப்பு நிற்கவில்லை.

போன வாரம் அழைத்தாள்.

“வால்வோட வந்து பூட்டிட்டாங்க அக்கா. கீழ கட்ட கட்டித்தான் வச்சிருக்காங்க. தண்ணி நல்லா வருது.”

“அப்பாடா.”

“என்னா அப்பாடா? நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உங்க மேல எனக்கு இன்னும் கோவம்தான்.”

“இருக்கட்டும்மா. ஸ்டிக்கர் ஒட்டுனாங்களா?”

“இல்லையே அக்கா. யாரும் வந்து செக் பண்ணலையே. அதுக்கு யாரக் கேக்கணும்?”

நான் ஹட்டன் தம்பியின் இலக்கத்தைக் கொடுத்தேன். எங்கள் ஸ்டிக்கரின் நாளும் முடிந்துவிட்டது, நானும் அவரைத்தான் அழைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நுவரெலியாவில் வசந்தகால சீசன். ஹோட்டல்களில் கூட்டமாம், அங்கே உள்ள தாங்கிகளைப் பார்க்கவே அவருக்கு நேரம் சரியாம். சீசன் முடிந்ததும் வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறார்.